ஆசியின் கணக்கு: மேசை ஆட்டத்தில் ஒரு கூட்டல் ஒன்று கடந்து வந்த ஐம்பது ஆண்டுகள்

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் பாத்திர ஆட்டங்களில் ஒரு வாக்கியம் தலைமுறை தோறும் ஒலித்திருக்கிறது: "அடடா, ஆசியைக் கூட்ட மறந்துவிட்டேனே!" பகடை உருண்டு, அடி தவறியது என்று நடுவர் அறிவித்து, ஆட்டம் மூன்று பேரைக் கடந்து போன பிறகுதான் இந்த நினைவு வரும். ஓர் எண் கூடியிருந்தால் அடி விழுந்திருக்கும், பூதம் செத்திருக்கும், அதன் கையால் இப்போது வீழ்ந்து கிடக்கும் தோழன் பிழைத்திருப்பான். நடந்ததைத் திருப்புவதா, போகட்டும் என்று விடுவதா என்று மேசையில் ஒரு சிறு வழக்கு மூளும். அந்த மறந்துபோன ஒன்றின் வரலாற்றைத்தான் இங்கே பேச எண்ணுகிறோம்.

இவ்வகை ஆட்டங்களை அறியாத வாசகர்களுக்குச் சில சொற்கள். 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூரான லேக் ஜெனீவாவிலிருந்து வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவற்றின் மூலம். நான்கைந்து பேர் ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்கிறார்கள்: ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பாதிரி, ஒருவர் பாணன். இன்னொருவர் நடுவராக அமர்ந்து உலகத்தையும் பகைவரையும் நடத்துகிறார். விளைவு ஐயத்துக்குரியதாகும்போதெல்லாம் பகடை உருள்கிறது. இருபது முகப் பகடையில் விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணைக் கூட்டி, இலக்கை எட்டினால் வெற்றி.

மந்திரங்களில் ஒரு வகை பகைவரைச் சுடும். மற்றொரு வகை தோழருக்கு வலுவூட்டும். நம் பொருள் இந்த இரண்டாம் வகை. பாதிரி 'பிளெஸ்' என்னும் ஆசி மந்திரத்தைச் சொன்னால், குறிப்பிட்ட காலத்துக்குத் தோழர் ஒவ்வொருவரும் தம் தாக்குதல் பகடையில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். இத்தகைய போனஸ் பெரும்பாலும் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பது. ஆசி சொல்வதற்காகப் பாதிரி தான் தாக்கக்கூடிய வாய்ப்பை விட்டுக்கொடுத்திருக்கிறார். அதற்குப் பயன் உண்டா இல்லையா என்பதோ, பெற்றவர் அதை நினைவில் வைத்திருப்பதைப் பொறுத்தது. பெற்றவர் மறந்தால், கொடுத்தது கொடுக்கப்படாததாகவே ஆகிவிடுகிறது.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். இருபது முகப் பகடையில் ஒன்றைக் கூட்டுவது வெற்றி வாய்ப்பை 5 சதவீதம் உயர்த்தும். மூன்று தோழர்கள், ஆறு சுற்றுகள், ஆளுக்கொரு தாக்குதல் என்றால் மொத்தம் 18 வீச்சுகள். அவற்றில் அந்த ஒன்று முடிவை மாற்றுவது சராசரியாக 0.9 முறை, அதாவது ஏறத்தாழ ஒரே ஒரு முறை. மற்றப் பதினேழு வீச்சுகளிலும் கூட்டினாலும் கூட்டாவிட்டாலும் விளைவு ஒன்றே. ஆனால் அந்த ஒரு முறை எது என்பது முன்கூட்டித் தெரியாது; ஆகவே பதினெட்டு முறையும் நினைவு வைத்தாக வேண்டும். மனித மனம் பயன் கண்ட இடத்தில்தான் பழக்கத்தை வளர்க்கும். பயன் கண்ணுக்குப் படாத இடத்தில் அது சோர்ந்துபோவதில் வியப்பில்லை. இந்தச் சோர்வை எப்படி எதிர்கொள்வது என்பதற்கு விதிநூல் எழுதியவர்கள் ஐம்பது ஆண்டுகளில் அளித்த விடைகள் வெவ்வேறானவை.

*

முதல் விடை போர்க்களத்திலிருந்து வந்தது. பிரஷ்ய இராணுவ அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ், தம் தந்தையின் ஆட்டத்தைச் செப்பனிட்டு 1824இல் வெளியிட்ட 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்னும் போர் ஆட்டத்தில், வரைபடத்தின் மேல் படைத்துண்டுகள் நகரும்; பகடையும் அட்டவணையும் இழப்புகளைத் தீர்மானிக்கும்; கணக்கு முழுவதும் நடுவர் கையில் இருக்கும். அதிகாரிகள் கட்டளை இடுவார்கள். எண்களைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் இந்தக் கணக்கே பின்னர் பெருஞ்சுமையானது. 1876இல் வெர்டி டு வெர்னுவா, அட்டவணைகளையும் பகடையையும் ஒதுக்கிவிட்டு, அனுபவம் மிக்க நடுவரின் தீர்ப்பையே நம்பலாம் என்று முன்மொழிந்தார். துல்லியமான கணக்கா, தடையற்ற ஓட்டமா என்ற பூசல் டிராகன்கள் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டதைக் காண்கிறோம்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இந்தப் போர் ஆட்ட மரபில் வளர்ந்தவர்கள். அவர்களுடைய 1974ஆம் ஆண்டுப் பெட்டியில் மூன்று சிறு நூல்கள் இருந்தன. அவற்றில் ஆசி மந்திரத்துக்குரிய விளக்கம் மிகச் சுருக்கமானது: போரில் இறங்காத நேரத்தில் பாதிரி ஆசி வழங்கலாம், அது படையின் மனவுறுதியை ஒன்று உயர்த்தும், தாக்குதல் பகடையிலும் ஒன்றைக் கூட்டும், ஆறு டர்ன்கள் நீடிக்கும். நிலவறைக்குள் ஒரு டர்ன் என்பது பத்து நிமிடம். மனவுறுதியைப் பற்றிய பேச்சே இம்மந்திரத்தின் பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. நான்கு நண்பர்களை விட, அணிவகுத்து நிற்கும் ஒரு படையைப் பார்த்தே இவ்விதி எழுதப்பட்டிருக்கிறது. படைக்கு ஒரே பகடை, ஒரே கணக்காளர். அங்கே மறதிக்கு இடம் குறைவு.

1977 முதல் 1979 வரை வெளியான 'அட்வான்ஸ்டு' பதிப்பில் கணக்கு விரிந்தது. ஒரு சுற்று என்பது ஒரு நிமிடம். பத்துச் சுற்று ஒரு டர்ன். ஆசியின் ஆயுள் ஆறு சுற்றுகளாகச் சுருங்கியது. தீவட்டி ஒரு மணி நேரம் எரியும். விரைவு மந்திரமான 'ஹேஸ்ட்' தன்னைப் பெற்றவரின் வயதில் ஒவ்வொரு முறையும் ஓராண்டைக் கூட்டிவிடும். எனவே சில நிமிடங்களுக்கான மந்திரத்துக்கும் பாத்திரத்தின் வாழ்நாள் முழுவதற்குமான பேரேட்டில் ஒரு வரி தேவைப்பட்டது. 1979இல் வெளியான நடுவர் கையேட்டில், காலக் கணக்கைக் கண்டிப்பாகப் பேணாத தொடர் ஆட்டத்துக்குப் பொருளே இல்லை என்று கைகாக்ஸ் அடித்துச் சொன்னார். தாக்குதல் அட்டவணைகளும் அந்த நூலில்தான் இருந்தன. ஆட்டக்காரர் பகடையை உருட்டி எண்ணைச் சொல்வார். அது பட்டதா இல்லையா என்று பார்ப்பது நடுவர். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் சிறுசிறு கோடுகள் இழுத்து மந்திரங்களின் ஆயுளை எண்ணிக்கொண்டிருக்கும் நடுவரே அக்காலத்து நினைவகம்.

இந்த ஏற்பாட்டின் நலம், ஆட்டக்காரர்கள் கதையிலேயே திளைக்க முடிந்தது. கேடு, எல்லாம் ஒரே தலையில் ஏறியது. பகைவர் எத்தனை பேர், எவருக்கு எவ்வளவு காயம், எந்தத் தீவட்டி அணையப் போகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பவர், பாதிரியின் ஆசியையும் மறக்காமல் இருக்க வேண்டும். அவர் மறந்தால் மறந்தது என்பதுகூட எவருக்கும் தெரியாது.

*

1997இல் முதல் நிறுவனத்தை 'விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்' வாங்கியது. 2000ஆம் ஆண்டில் ஜோனதன் ட்வீட், மான்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் மூவரும் வடிவமைத்த மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. நம் வரலாற்றின் பெருந்திருப்பம் இதுவே. கணக்கு நடுவரின் திரைக்குப் பின்னிருந்து ஆட்டக்காரரின் தாளுக்கு வந்தது. அதோடு ஒவ்வொரு போனஸுக்கும் ஒரு பெயரும் கிடைத்தது.

பழைய பதிப்புகளில் எந்தப் போனஸோடு எதைச் சேர்க்கலாம் என்பது மந்திரத்துக்கு மந்திரம் மாறும். பல இடங்களில் நடுவரின் விருப்பம். மூன்றாம் பதிப்பு இதற்கு இலக்கணம் வகுத்தது: மனவுறுதி, அதிர்ஷ்டம், மேம்பாடு, விலக்கல், புனிதம், உள்ளுணர்வு, சூழல், நழுவல் என்று வகைகள். ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு போனஸ்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளா. பெரியது மட்டும் நிற்கும். வெவ்வேறு வகையானால் இரண்டும் கூடும். நழுவல் போன்ற சில வகைகள் விதிவிலக்கு. பெயரில்லாத போனஸ்களும், மூலம் வேறானால், கூடும். புணர்ச்சி விதிகளைப் போன்ற அழகும் ஒழுங்கும் இந்த அமைப்புக்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. அதைப் போலவே விதிவிலக்குகளும் உண்டு.

2003இல் வந்த திருத்தப் பதிப்பின் விதிகளின்படி ஏழாம் நிலை வீரன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். மந்திரம் சொல்லும் தோழர்களும் ஏழாம் நிலையினரே. வீரனின் அடிப்படைத் தாக்குதல் 7. வலிமை 18 என்பதால் 4. மந்திர வாள் 1. பகைவனை இருபுறமும் மடக்கியதால் 2. மொத்தம் 14. இனி மந்திரங்கள். 'புல்ஸ் ஸ்ட்ரெங்த்' வலிமையில் நான்கைக் கூட்டுவதால் தாக்குதலில் 2 ஏறும். வாளின் ஒன்றும் இதுவும் மேம்பாட்டு வகையே என்றாலும், ஒன்று வலிமைக்கும் மற்றது தாக்குதலுக்கும் உரியது. ஆகவே இரண்டும் நிற்கும். ஆசி 1, மனவுறுதி வகை. பாணன் பாடும் வீரப்பாட்டு 1, அதுவும் மனவுறுதி வகை. ஆகவே ஆசியோடு கூடாது. பாதிரியின் 'பிரேயர்' 1, அதிர்ஷ்ட வகை, ஆகவே கூடும். 'ஹேஸ்ட்' 1, பெயரில்லாதது, கூடும். இப்போது மொத்தம் 19.

எண் கிடைத்துவிட்டது, ஆனால் அது நிலையானதன்று. ஆசியும் வலிமையும் ஏழு நிமிடம் நிற்கும். சுற்று ஒன்றுக்கு ஆறு நொடி என்று இப்பதிப்பு குறுக்கிவிட்டதால், ஏழு நிமிடம் என்பது எழுபது சுற்று. பிரேயரும் ஹேஸ்டும் ஏழு சுற்றோடு முடியும்; ஆனால் வெவ்வேறு சுற்றுகளில் தொடங்கியிருக்கும். பாட்டு, பாணன் பாடும் வரையிலும் அதற்குப் பிறகு ஐந்து சுற்றும். ஆசி கலைந்த அந்த நொடியில், அதுவரை அதன் நிழலில் ஒளிந்திருந்த பாட்டின் ஒன்று வெளிப்பட்டுக் கணக்கில் சேரும்; எனவே பயன்படாத போனஸையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். நடுவில் பகை மந்திரவாதி 'டிஸ்பெல் மேஜிக்'கை வீரன்மேல் ஏவினால், அவன்மேல் இருக்கும் ஒவ்வொரு மந்திரத்துக்கும் தனித்தனியே பகடை உருள வேண்டும். ஒவ்வொன்றையும் சொன்னவரின் நிலை என்ன என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் உயிரும் அடங்கியிருந்தது. உடலுறுதியைக் கூட்டும் 'பேர்ஸ் என்டியூரன்ஸ்' மந்திரம் ஏழாம் நிலை வீரனுக்கு 14 உயிர்ப்புள்ளிகள் தரும். மந்திரம் முடியும்போது அந்தப் பதினான்கும் போகும். போர் முடிந்து மூன்று புள்ளிகளோடு நிற்கும் வீரன், எண்ணிக்கை முடிந்த நொடியில் மைனஸ் 11க்கு இறங்கிவிடுவான். அப்பதிப்பில் மைனஸ் 10 என்றாலே மரணம். காலத்தை எண்ண மறந்த மேசையில் அவன் உயிரோடு நடமாடிக்கொண்டிருப்பான்; சரியாக எண்ணிய மேசையில் அவனுக்கு ஈமக்கடன் நடந்திருக்கும். இரண்டு மேசைகளும் ஒரே விதிநூலைத்தான் வைத்திருந்தன.

ஆட்டக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த வழிகளில் சமாளித்தார்கள். மந்திரத்துக்கு ஒரு அட்டை. சொன்னதும் அதைப் பெற்றவரின் முன்னால் வைப்பது. வண்ணக் கண்ணாடி மணிகள். சுற்றுக்கு ஓர் எண்ணாகத் திருப்பி வைக்கும் பகடை. பிளாஸ்டிக் உறையிட்ட தாளில் அழிக்கக்கூடிய பேனா. மடிக்கணினியில் விரிதாள். முன்கூட்டியே அச்சடித்த அட்டைகளைக் கடைகளும் விற்றன. இவற்றை வெறும் உபகரணங்கள் என்று நாம் கருதவில்லை. மேசையின் நினைவுத்திறனை விதிநூல் மிஞ்சிவிட்டது என்பதற்கான சான்றுகள் இவை.

*

அடுத்த பதிப்புகள் இந்தச் சான்றுகளைப் படித்துவிட்டு எழுதப்பட்டவை என்றே சொல்லலாம். 2008இல் வந்த நான்காம் பதிப்பு நிமிடங்களை எண்ணுவதைப் பெரிதும் கைவிட்டது. ஒரு விளைவு அடுத்த முறையின் முடிவு வரை நிற்கும், அல்லது அந்த மோதல் முடியும் வரை நிற்கும், அல்லது காப்புப் பகடையில் பத்தோ மேலோ விழும் வரை நிற்கும். ஆசி அந்த மோதல் முழுவதும் நீடிக்கும் ஒன்று, கடிகாரமே தேவையில்லை. ஆனால் நெடுங்கணக்கு போன இடத்தில் குறுங்கணக்குகள் நிறைந்தன. ஒவ்வொருவரின் ஒவ்வொரு தாக்குதலும் ஒரு சிறு போனஸையோ தடையையோ விட்டுச் சென்றது. குளிர்பானப் புட்டிகளின் மூடிக்கழுத்து வளையங்களைச் சிற்றுருவங்களின் தலையில் மாட்டி நினைவுக்குறி வைப்பது பலருக்குப் பழக்கமாயிற்று.

பழைய இலக்கணத்தை விட மனமில்லாதவர்களுக்காக 'பைசோ' நிறுவனம் 2009இல் 'பாத்ஃபைண்டர்' ஆட்டத்தை வெளியிட்டது. வகைகளும் ஆயுட்காலங்களும் அதில் தொடர்ந்தன. அந்த ஆட்டமே 2019இல் தன் இரண்டாம் பதிப்பில் போனஸ் வகைகளை மூன்றாகச் சுருக்கிக்கொண்டது: சூழல், பொருள், நிலை. இலக்கணத்தை நேசித்தவர்களும் சூத்திரங்களைக் குறைக்க நேர்ந்தது.

2014இல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு மூன்று காரியங்கள் செய்தது. முதலாவது, சிறுசிறு எண்களுக்குப் பதிலாக 'அட்வான்டேஜ்': சாதகம் உண்டு என்றால் இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்வது. ஐந்து காரணங்களால் சாதகம் கிடைத்தாலும் பகடை இரண்டே. பாதிக்குப் பாதியாக இருந்த வாய்ப்பு இதனால் 75 சதவீதம் ஆகும். கூட்டலும் இல்லை, வகையும் இல்லை. இரண்டாவது, 'கான்சன்ட்ரேஷன்' என்னும் மன ஒருமை: நீடித்து நிற்கும் மந்திரங்கள் பலவற்றில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒன்றையே தாங்க முடியும். அவர் அடிபட்டால், பத்து அல்லது பட்ட சேதத்தில் பாதி, இரண்டில் பெரியது எதுவோ அதை இலக்காகக் கொண்டு பகடை உருட்டி மந்திரத்தைக் காப்பாற்ற வேண்டும்.

மூன்றாவது, ஆசி. நாற்பது ஆண்டுகளாக ஒன்றாகவே இருந்த அந்தக் கூட்டல் இப்போது நான்கு முகப் பகடையாயிற்று. ஆசி பெற்ற மூவரும் ஒவ்வொரு தாக்குதலிலும், ஒவ்வொரு காப்புப் பகடையிலும் இன்னொரு சிறு பகடையை உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம். சராசரி இரண்டரை, அதாவது பன்னிரண்டரை சதவீதம். பயன் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வந்தது. எண் கைப்பொருளாகவும் ஆயிற்று. பாதிரியாக ஆடுபவர் கூர்மையான அந்தச் சிறு பகடையைத் தோழரின் முன்னால் வைக்கிறார். அது அங்கே இருக்கும் வரை மறக்க முடியாது. மன ஒருமை விதியால் கொடுத்தவருக்கும் ஒரு கடமை ஏற்பட்டது: தான் அடிபடும்போதெல்லாம் ஆசி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நினைவின் பாரம் பெற்றவரிடமிருந்து இருவருக்கும் பகிரப்பட்டது. 2024இல் வந்த திருத்தத்திலும் இந்த அமைப்பே தொடர்கிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மந்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கதவைத் திறப்பதற்கு முன் ஒரு கோட்டையைக் கட்டுவதுபோல் ஆயத்தம் செய்த அந்தப் பழைய இன்பம் ஐந்தாம் பதிப்பில் அநேகமாக இல்லை. ஐந்து தோழர்களின் ஐந்து உதவிகளும் ஒரே சாதகத்துக்குள் கரைந்துவிடும். ஐந்தாமவர் செய்த உதவிக்கு அங்கே எண்ணே இல்லை. மறதியைத் தவிர்க்க, நினைவு வைக்க வேண்டியவற்றையே குறைத்துவிட்டார்கள்.

*

இந்தக் கணக்கை மனிதர் தலையில் ஏற்றுவதே தேவையில்லை என்பது இன்னொரு விடை. 1988இல் வந்த 'பூல் ஆஃப் ரேடியன்ஸ்', 1998இன் 'பால்டர்ஸ் கேட்' முதலிய கணினி ஆட்டங்கள் இவ்விதிகளையே பின்பற்றின. ஆசியின் ஒன்றை இயந்திரம் ஒருபோதும் மறந்ததில்லை. 2012இல் தொடங்கிய 'ரோல்20' போன்ற இணைய மேசைகளும், 2017இல் தொடங்கிய 'டி அண்ட் டி பியாண்ட்' தளத்தின் மின்தாள்களும் நண்பர்கள் கூடி ஆடும் ஆட்டத்துக்குள்ளேயே இந்தக் கணக்காளரைக் கொண்டுவந்தன. பொத்தானை அழுத்தினால் கூட்டுத்தொகை வருகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் ஒரே அறையில் கூட முடியாத எத்தனையோ குழுக்களைச் சேர்த்து வைத்தவை இத்தகைய மேசைகளே. அவற்றைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்கிறோம். தாளும் பகடையும் வைத்து ஆடும் மேசையில் வீரனாக ஆடுபவர் எண்ணை இப்படி அறிவிப்பார்: "பதினொன்று, ஆசியோடு பதின்மூன்று." அந்த "ஆசியோடு" என்ற சொல்லைப் பாதிரியாக ஆடுபவர் கேட்கிறார். தன் ஒரு முறையை விட்டுக்கொடுத்தது வீண் போகவில்லை என்று அவருக்குத் தெரிகிறது. கூடிய ஒன்றோ இரண்டோ அடியைப் பட வைத்தால் மேசை முழுவதும் அவர் பக்கம் திரும்பும். இயந்திரம் "பதின்மூன்று" என்று மட்டும் காட்டும்போது எண் சரியாக இருக்கிறது. அது யாரால் வந்தது என்பது எங்கோ ஒரு சிறு குறியீட்டுக்குள் போய்விடுகிறது. நம் மொழி இதற்கென்றே செய்ந்நன்றி என்று ஒரு சொல்லை வைத்திருக்கிறது.

எனவே எந்த விதிநூலைக் கொண்டு ஆடினாலும் ஒரு சிறு வழக்கத்தைப் பரிந்துரைக்கத் தோன்றுகிறது. போனஸைக் கூட்டும்போது அதைக் கொடுத்தவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுவது. அப்படிச் சொல்லும் மேசைகளில் போனஸ்கள் குறைவாகவே மறக்கப்படுகின்றன என்பது எங்கள் குழுவின் அனுபவம். அப்படியும் மறந்துவிட்டால், பகடை உருண்டு அடுத்தவர் முறை தொடங்கும் முன் நினைவு வந்தால் ஏற்றுக்கொள்வது, பிந்தினால் விட்டுவிடுவது என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளலாம். வழக்கு மூளாது; பாதிரியும் அடுத்த போரில் மறுபடி ஆசி சொல்லத் தயங்க மாட்டார்.